முதல் மூன்று மாதக் காசு: ஊர்ச் சங்கம் உயர்கல்வி நிதி நடத்தும் முறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் கோவில், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், குடியிருப்போர் சங்கம் என்று பல அமைப்புகள் ஆண்டுதோறும் கல்வி நிதி கொடுக்கின்றன. வழக்கமான முறை எல்லாருக்கும் தெரியும்: தீபாவளியை ஒட்டி ஒரு விருந்து, மேடை, நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு 300 ரிங்கிட். மனம் நல்ல மனம்தான். ஆனால் 300 ரிங்கிட்டால் யாருடைய படிப்பும் தொடங்குவதில்லை, நின்று போகிற படிப்பும் தொடர்வதில்லை. அதே 12,000 ரிங்கிட்டை 8 பிள்ளைகளுக்குச் சரியான வாரத்தில் கொடுத்தால் 8 பேரும் பல்கலைக்கழக வாசலைத் தாண்டுவார்கள்.

சரியான வாரம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. மீதிக்கு, 1997இல் தொடங்கப்பட்ட பிடிபிடிஎன் என்ற அரசின் உயர்கல்வி நிதிக் கழகம் கடன் தருகிறது. ஆனால் பிள்ளை பதிந்து, பல்கலைக்கழகம் அதை உறுதிப்படுத்தி, ஒப்பந்த வேலைகள் முடிந்த பிறகே அந்தக் கடன் கைக்கு வரும். பதிவுக் கட்டணம், விடுதி முன்பணம், மெத்தை விரிப்பு, மடிக்கணினி, பயணச் செலவு எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். பட்டர்வொர்த் பிள்ளைக்குப் பக்கத்துக் கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் இடம் கிடைத்தால் அப்பா காரில் கொண்டு போய் விடலாம். கடல் தாண்டி சபாவின் கோத்தா கினபாலுவிலோ சரவாக்கின் கோத்தா சமரஹானிலோ கிடைத்தால் விமான டிக்கெட் வேண்டும். கடிதம் வந்து பதிவு நாள் வரை இருப்பது சில வாரங்கள்தான். சின்ன நிதிக்கு இந்த இடைவெளியைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

சட்டம் முதலில்

சங்கத்தின் சட்டவிதியில் கல்வி உதவியும் வட்டியில்லாக் கடனும் நோக்கங்களாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி, சங்கப் பதிவிலாகாவின் ஒப்புதல் வந்த பிறகு தொடங்குங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையை அனுப்ப வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டம். இதைத் தவறவிடும் சங்கம் பிறகு வங்கியில் கையெழுத்து மாற்றக்கூடத் திண்டாடும்.

வட்டி ஒரு சென்கூட வேண்டாம். ‘நிர்வாகக் கட்டணம்’ என்று பெயர் மாற்றியும் வாங்காதீர்கள். 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி உரிமமில்லாமல் வட்டிக்குக் கொடுப்பது குற்றம். தெருவில் இறங்கியோ வீடு வீடாகவோ வசூலிக்க வேண்டுமானால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி போலீஸ் அனுமதி தேவை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்றால், கொடையாளிகள் தங்கள் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை கழிவு கோரலாம். சின்னச் சங்கம் முதல் ஆண்டே அதற்கு ஓட வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு சுத்தமாக இருந்தால் விண்ணப்பம் எளிதாகும்.

வங்கிக் கணக்கு தனியாக இருக்கட்டும். திருவிழாக் காசோடு கலந்த கல்விக் காசு திரும்பி வராது. மூன்று பேர் கையெழுத்து அதிகாரம் பெற்று, எந்த இருவர் போட்டாலும் செல்லும்படி வையுங்கள். இருவர் மட்டுமே இருந்தால், ஒருவர் ஊருக்குப் போன வாரத்தில் பிள்ளையின் பதிவு நாள் வந்துவிடும்.

20,000 ரிங்கிட்டை எப்படிப் பிரிப்பது

20,000 ரிங்கிட் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12,000 ரிங்கிட் சுழல் நிதி: 8 பேருக்கு ஆளுக்கு 1,500 வரை, வட்டியில்லாக் கடனாக. 2,400 ரிங்கிட் திருப்பிக் கேட்காத உதவி: சபா, சரவாக், திரெங்கானு போன்ற தூர இடங்களுக்குப் போகும் 4 பேருக்குப் பயணச் செலவாக 600 வீதம். மீதி 5,600ஐத் தொடாதீர்கள்.

அந்த 5,600 சும்மா கிடக்கிறது என்று குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். காரணம் இதுதான்: கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் தாமதித்து 6,000 மட்டுமே திரும்பினால்கூட, கையிருப்போடு சேர்த்து 11,600 ஆகிறது. மறு ஆண்டு 7 பேருக்குக் கொடுத்துவிடலாம். கையிருப்பு இல்லாத நிதி இரண்டாம் ஆண்டிலேயே மூன்று நான்கு பேரோடு நின்று, மூன்றாம் ஆண்டில் மறுபடி மேடை, 300 ரிங்கிட் என்று பழைய பாதைக்குப் போய்விடும்.

திருப்பும் முறை: முதல் பருவத்தின் பிடிபிடிஎன் பணம் வந்ததும் 750, இரண்டாம் பருவத்தில் 750. பிடிபிடிஎன்னும் கடன்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 1 விழுக்காடு உஜ்ரா என்ற சேவைக் கட்டணம் சேர்த்துப் பிள்ளை அதைப் பிறகு கட்டியாக வேண்டும். அப்பா இல்லாத வீடு, நீண்டகால நோயாளி இருக்கும் வீடு என்றால் கடனைப் பாதியாக்கிப் பாதியை உதவியாகக் கொடுங்கள். அந்த முடிவைக் கொடுக்கும்போதே எழுதி வையுங்கள். பிறகு ‘மன்னிப்பது’ வேறு விஷயம். ஊரில் பேச்சு வரும்.

விண்ணப்பம் ஒரு பக்கம் போதும்

இடம் கிடைத்த கடிதம், பிள்ளை, பெற்றோர் அடையாள அட்டை நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு அல்லது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுவதற்கான சான்று, வங்கிக் கணக்கு எண். இவ்வளவுதான். பள்ளித் தலைமையாசிரியர் கடிதம், கிராமத் தலைவர் கடிதம், சட்டமன்ற உறுப்பினர் கடிதம் என்று அடுக்கினால் அலையத் தெரிந்த குடும்பம் வாங்கிக்கொள்ளும், தோட்டத்திலோ தொழிற்சாலை ஷிப்டிலோ இருக்கும் குடும்பம் வராது. தினக்கூலிக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. அவர்களுக்கு இரண்டு குழு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதும் அரைப்பக்கக் குறிப்பு போதும்.

பணத்தைவிட அதிகம் தடுக்கி விழ வைப்பது பெயர். அடையாள அட்டையில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யோடு இருக்கும் நீண்ட பெயர் வங்கியில் பாதியில் வெட்டப்பட்டிருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருக்கும். விண்ணப்பத்தை வாங்கும் அன்றே மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாறியிருந்தால் அதே வாரம் வங்கிக்கு அனுப்புங்கள். சேமிப்புக் கணக்கு பயன்படாமல் முடங்கிக் கிடக்கிறதா என்றும் கேளுங்கள். பத்து ரிங்கிட் போட்டு எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காசுக்கு முன் செய்ய வேண்டிய வேலை

எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு), எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடிவுகள் வந்ததும் ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் மேசை போடுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பமான யூபியுவைப் பிள்ளைகள் அங்கேயே நிரப்பட்டும். எஸ்டிபிஎம் பிள்ளைகளுக்கு யூபியு தகுதிப்புள்ளியில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்த 10ஐக் கிளப்பிலும் சீருடை இயக்கத்திலும் சேர்க்காமல் விட்ட பிள்ளை, மருந்தியல் மாதிரிப் போட்டி அதிகமுள்ள படிப்பில் மயிரிழையில் தவறும். ஆகவே இதை ஆறாம் படிவம் தொடங்கும்போதே சொல்ல வேண்டும். ஆறாம் படிவத்தைக் குறைவாகப் பேசுவதை நம் வீடுகள் நிறுத்த வேண்டும். மூன்று பருவத்தில் முடிகிறது, செலவு மிகக் குறைவு, முடித்தால் நேரே பட்டப்படிப்பு.

எஸ்பிஎம்முக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் அரசு வகுப்பான மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) அல்லாதாருக்கு 10 விழுக்காடு இடம் என்பது பழைய ஏற்பாடு. 10 ‘ஏ’யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி இடம் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. ‘ஏ’ கழித்தல் அதில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் படித்துச் சொல்லுங்கள். கிடைக்கவில்லையென்றால் மேல்முறையீட்டுக்குச் சில நாட்களே இருக்கும். முடிவு வரும் நாளில் ஒருவர் தொலைபேசியோடு தயாராக இருக்க வேண்டும்.

பிடிபிடிஎன்னுக்கு முன் பிள்ளையின் பெயரில் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு வேண்டும், 20 ரிங்கிட்டில் திறக்கலாம். இதை இடம் கிடைத்த பிறகு செய்வோம் என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கே கடன் தாமதமாகிறது. வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, பொதுப் பல்கலைக்கழகம் போவதற்கு முன்பே 1,500 ரிங்கிட் முன்பணம் பிடிபிடிஎன்னில் கேட்கலாம். பிறகு வரும் கடனில் அது கழிக்கப்படும். முன்பணம் பெறக்கூடியவரை அங்கே அனுப்பிவிட்டு, பெற முடியாதவருக்குச் சங்கத்தின் காசைக் கொடுங்கள்.

தனியார் கல்லூரிக்குப் போகிறோம் என்று வருகிறவர்களிடம் அவசரப்பட்டுக் காசோலை நீட்டாதீர்கள். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்கியூஏவின் பதிவேட்டில் கல்லூரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, அந்தப் படிப்பும் அது நடக்கும் வளாகமும் இருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் அந்தந்தத் தொழிற்கழகத்தின் அங்கீகாரமும் வேண்டும். அங்கீகாரமில்லாத படிப்புக்குப் பிடிபிடிஎன் கிடையாது. பிள்ளை மூன்று ஆண்டு படித்து வாங்கும் தாளுக்கு மதிப்பும் கிடையாது. பொதுப் பல்கலைக்கழகத்திலேயே யூபியு வழியல்லாமல் முழுக் கட்டணத்தில் சேர்க்கும் நேரடி வழிகளும் உண்டு. கடிதத்தில் கட்டணத் தொகையைப் படித்த பிறகே வாழ்த்துச் சொல்லுங்கள்.

மதிப்பெண்கள் அவ்வளவு சிறப்பாக இல்லாத பிள்ளைக்கு பெர்மாத்தாங் பாவ் பக்கம் செபராங் பிறை பாலிடெக்னிக்கும், தீவில் பாலிக் பூலாவ் பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. பருவக் கட்டணம் 200 ரிங்கிட். பாயான் லெப்பாஸில் 1989இலிருந்து பிஎஸ்டிசி என்ற பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளோடு சேர்ந்தே பயிற்சி தருகிறது. 80,000 ரிங்கிட் தனியார் பட்டத்துக்கு வீட்டை அடமானம் வைக்க நினைக்கும் பெற்றோரிடம் இதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வேறு வாசல்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா, பாட்டி பெயரில் பழைய பங்கு இருக்கலாம். உறுப்பினர் பிள்ளைகளுக்கு அங்கே கல்வி உதவி உண்டு, வீட்டில் தேடச் சொல்லுங்கள். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உதவி தருகிறது. மஇகா கட்சியின் கல்வி அமைப்பான எம்ஐஇடி கடன் தருகிறது. இந்தியச் சமூகத்துக்கான அரசுப் பிரிவான மித்ராவின் அறிவிப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அம்மாவோ அப்பாவோ ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் ‘செஜாதெரா’ கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்கு எடுக்கலாம். 2024 மே மாதம் கணக்கு மூன்றாகப் பிரிந்த பிறகும் இந்த வசதி தொடர்கிறது.

கொடுக்கும் நாளும் அதன் பிறகும்

பதிவுக் கட்டணத்தையும் விடுதிப் பணத்தையும் நேரே பல்கலைக்கழகக் கணக்குக்கே செலுத்திவிடுங்கள். மீதியை மட்டும் பிள்ளையின் கணக்கில் போடுங்கள், பெற்றோர் கணக்கில் வேண்டாம். வீட்டில் வாடகை பாக்கி நிற்கும்போது அந்தப் பணம் அங்கே போவது குற்றமல்ல, ஆனால் படிப்பு தொடங்காது. மாதிரிக் காசோலை பிடித்துப் படம் எடுப்பதையும், அடையாள அட்டை நகலை வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் அடியோடு விட்டுவிடுங்கள். உதவி கேட்கத் தயங்கும் பிள்ளைதான் உண்மையில் இல்லாத வீட்டுப் பிள்ளை.

ஒவ்வொரு பிள்ளைக்கும் குழுவில் ஒருவர் பொறுப்பு. முதல் மாதம் இருமுறை அழைக்க வேண்டும்: பிடிபிடிஎன் விண்ணப்பம் உறுதியாகிவிட்டதா, சாப்பிடுகிறாயா, பாடம் புரிகிறதா. பணம் திரும்பி வரத் தாமதமாகும்போது முதல் அழைப்பு பிள்ளைக்கு, பெற்றோருக்கு அல்ல. பெரும்பாலும் பருவப் பணம் இன்னும் வரவில்லை என்பதே பதிலாக இருக்கும், அப்படியானால் தேதியை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்.

படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைகளும் இருப்பார்கள். உடல்நலமோ குடும்பமோ காரணமென்றால் நிலுவையை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தள்ளுபடி செய்து, பெயர் எழுதாமல் விண்ணப்ப எண்ணை மட்டும் நிகழ்ச்சிக் குறிப்பில் பதியுங்கள். வேறு படிப்புக்கு மாறியிருந்தால் கடன் அப்படியே தொடரும், தவணையை மட்டும் 100 ரிங்கிட்டாகக் குறைக்கலாம். கணக்காய்வாளர் பார்க்கும்போது ஒவ்வொரு தள்ளுபடிக்கும் கூட்டத் தேதி எதிரே இருக்க வேண்டும்.