எச்-1பி நீட்டிப்பு: ஐ-94 தேதியில் ஒளிந்திருந்த 63 நாள்

அமெரிக்காவில் என் எச்-1பி (வெளிநாட்டவர் அங்கே வேலை பார்க்கத் தரும் அந்தஸ்து) நீட்டிப்புக்கு நிறுவனம் ஆகஸ்ட் 20 அன்று விண்ணப்பித்தது. கொஞ்ச நாளில், அந்தஸ்தை மீறாமல் தங்கியதற்கு ஆதாரம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ஒப்புதல் கடிதத்திலும் விசாவிலும் செப்டம்பர் கடைசி வரை தேதி இருக்கிறதே என்று நினைத்து, சம்பளச் சீட்டு, வரிப் படிவம் எல்லாம் ஒரு வாரம் தேடி அடுக்கினேன். வீண் வேலை.

அப்புறம்தான், நாட்டுக்குள் வந்தவர் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்துப் பார்த்தேன். ஜூன் 18! கடைசியாக நான் உள்ளே வந்தபோது கையில் இருந்த பழைய பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள் அது. அதிகாரி அதுவரைதான் அனுமதி கொடுத்திருக்கிறார். விசாவின் தேதி நாட்டுக்குள் நுழைவதற்கு. தங்குவதற்கு ஐ-94தான் கணக்கு. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் அது தானாக நீளாது.

தேதியைத் திருத்தச் சொல்லி விமான நிலையச் சோதனை அலுவலகத்துக்குப் போனேன். பாஸ்போர்ட்படி அது சரியான தேதி என்று அனுப்பிவிட்டார்கள்.

வழக்கறிஞர் சொன்ன வழிதான் பலித்தது: தாமதமான விண்ணப்பத்தை முன்தேதியிட்டு ஏற்கக் கோரும் 'நங்க் ப்ரோ டங்க்' மனு. தாமதத்துக்கு அசாதாரணக் காரணம் இருக்க வேண்டும், வேறு மீறல் இருக்கக் கூடாது. ஜூன் 18க்கும் விண்ணப்பித்த ஆகஸ்ட் 20க்கும் இடையிலான 63 நாளையும் நாங்களே எழுதிக் காட்டி, இரண்டு பாஸ்போர்ட் நகலையும் இணைத்தோம். ஜூன் 19 முதலே நீட்டிப்பு கிடைத்தது. பெரிய நிம்மதி.

அனுமதி முடிந்த பிறகும் 180 நாளைத் தாண்டி இருந்துவிட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே வர 3 ஆண்டு தடை, ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு. ஒவ்வொரு முறை உள்ளே வந்ததும் அந்த வாரமே ஐ-94ஐப் பாருங்கள்.