கடிகாரம் மாறும் வாரத்தில் நாயையும் பூனையையும் பழக்குவது எப்படி?

கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அமெரிக்கா, கனடாவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணி, ஒரே தாவலில் 3 ஆகிவிடும். நவம்பர் முதல் ஞாயிறு அதே 2 மணி மறுபடியும் 1 ஆகும். 2026இல் அந்த நாள்கள் மார்ச் 8, நவம்பர் 1. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. சிட்னி, மெல்பர்ன் பக்கம் அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே இழுக்கிறார்கள். நம் ஊர்களில் இந்த வழக்கம் இல்லை. அதனால் டொரொன்டோவிலோ லண்டனிலோ முதன்முறையாக நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு இந்த வாரம் புரியாத புதிராக இருக்கும். நேற்றுவரை சமர்த்தாகத் தூங்கிய பூனை திடீரென்று விடியுமுன்பே கத்துகிறதே என்று தோன்றும். உண்மையில் அது நேற்று எழுந்த அதே பொழுதில்தான் எழுந்திருக்கிறது. வீட்டு மனிதர்களின் பொழுதுதான் ஒரு மணி நேரம் நகர்ந்துவிட்டது.

பிராணிக்குப் பொழுதை உணர்த்துபவை மூன்று. முதலாவது வெளிச்சம். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் சின்னஞ்சிறு நரம்பணுத் தொகுதி ஒன்று, கண்வழியே வரும் வெளிச்சத்தை வைத்து உடலின் தலைமைக் கடிகாரத்தைச் சரிசெய்கிறது. இரண்டாவது சாப்பாடு. தினமும் ஒரே வேளையில் கிண்ணம் நிரம்பினால், அதற்கு முன்கூட்டியே குடல் தயாராகிவிடும், பிராணியும் எழுந்து நடமாடத் தொடங்கும். மூன்றாவது நம் வீட்டுச் சத்தங்கள்: அலாரம், குழாய்த் தண்ணீர், கார் சாவி. சாப்பாட்டு நேரம் நெருங்கும் பூனையைச் சற்றுக் கவனியுங்கள். கிண்ணத்துக்கு அருகே முன்கால்களைச் சேர்த்து வைத்து உட்காரும். வாலைக் கால்மேல் சுற்றிக்கொள்ளும். கிண்ணத்தைப் பார்க்காது, உங்களையே பார்க்கும். இந்த மூன்றில் நம் கையில் முழுமையாக இருப்பது சாப்பாடு. ஆகவே முதலில் நகர்த்த வேண்டியது அதைத்தான்.

முதல் படி: மூன்று நாள் குறிப்பு

நேர மாற்றத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு தாளை எடுத்து மூன்று நாள் எழுதுங்கள். காலை, மாலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு? நாய் எப்போது வெளியே போகிறது? நீங்கள் எப்போது வீட்டைவிட்டுக் கிளம்பி எப்போது திரும்புகிறீர்கள்? பலர் “ஏழு மணிக்கு வைப்பேன்” என்பார்கள். எழுதிப் பார்த்தால் 6:40க்கும் 7:25க்கும் நடுவே ஊசலாடும். அப்படிப்பட்ட வீட்டுப் பிராணி ஏற்கெனவே பாதி பழகியிருக்கிறது. நிமிடம் தவறாமல் போடும் வீட்டுப் பிராணிதான் அதிகம் தடுமாறும்.

கூடவே ஒரு நாள் தீவனத்தைச் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்து வையுங்கள். கோப்பையால் அளந்தால் கைக்குக் கை மாறும். பிறகு பங்கு பிரிக்கும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

இரண்டாம் படி: மார்ச் மாதம், முன்கூட்டியே தொடங்குங்கள்

காலைச் சாப்பாடு 7 மணி என்று வைத்துக்கொள்வோம். புதிய 7 மணி என்பது பழைய 6 மணி. வியாழன் 6:45, வெள்ளி 6:30, சனி 6:15. ஞாயிறு புதிய கடிகாரப்படி 7. மாலைச் சாப்பாட்டையும் நடையையும் இதே அளவு முன்னே கொண்டுவாருங்கள். வயதான, பதற்றப்படும் பிராணி என்றால் செவ்வாய்க்கிழமையே தொடங்கி, நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஞாயிறுவரை காத்திருந்து பிறகு பழக்கலாமே என்றால், இந்தப் பருவத்தில் அது ஒத்துவராது. அப்படிச் செய்தால் திங்கள் காலைச் சாப்பாடு புதிய கடிகாரப்படி 7:30க்கு விழும். வேலைக்குக் கிளம்பும் நேரத்தோடு இடிக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பசி வருமுன் வைத்த கிண்ணத்தை நாய் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். உடனே மனசு கேட்காமல் மேலே கொஞ்சம் கோழி, கொஞ்சம் தயிர் என்று போடுகிறோம். இரண்டே நாளில் ‘காத்திருந்தால் நல்லது வரும்’ என்று நாய் கற்றுக்கொள்ளும். ஆரோக்கியமான, வளர்ந்த நாய் என்றால் 20 நிமிடம் பார்த்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். மாலையில் வழக்கமான அளவே வையுங்கள்.

டொரொன்டோவில் மார்ச் 8 அன்று சூரியன் எழவே ஏறக்குறைய 7:40 ஆகும். ஆக, எழுந்தவுடன் சமையலறை விளக்கையெல்லாம் போட்டுவிடுங்கள். இரவில் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

மூன்றாம் படி: நவம்பர் மாதம், பின்னால் தொடங்கினாலும் சரி

இப்போது பிராணிக்கு ஒரு மணி நேரம் கூடுதல் பசி. பழைய 7 மணி, புதிய 6 ஆகிவிட்டது. ஞாயிறு 6:15, திங்கள் 6:30, செவ்வாய் 6:45, புதன் 7 என்று கொண்டுபோங்கள். வேலைக்குப் போகுமுன்பே எல்லாம் முடிந்துவிடும்.

கடினமானது பூனையின் விடிகாலைக் கத்தல்தான். பூனைக்கு இயல்பாகவே விடியலும் அந்தியும் வேட்டைப் பொழுது. கத்தியதும் எழுந்து ஒரு பிடி தீவனம் போட்டால், கத்தலுக்குக் கூலி கொடுத்ததாக ஆகும். நான்கு நாள் பொறுத்து ஐந்தாம் நாள் போட்டால் இன்னும் மோசம்: ‘விடாமல் கத்தினால் கிடைக்கும்’ என்பது அதன் மனத்தில் பதிந்துவிடும். கண்டுகொள்ளாமல் விட்ட ஓரிரு நாளில் கத்தல் முன்பைவிடக் கூடுவதும் உண்டு. அது தோல்வி இல்லை, பழைய வழி பலிக்காததால் பூனை இன்னும் பலமாக முயல்கிறது. அப்போது விட்டுக்கொடுக்காதீர்கள்.

இதற்கு உதவி, படுக்கைநேரப் பங்கு. நாளுக்கு 60 கிராம் சாப்பிடும் பூனைக்குக் காலை 25, மாலை 25, நீங்கள் படுக்கும்முன் 10 கிராம். அளவு கூடவில்லை, இடைவெளிதான் குறைகிறது. அந்தப் பங்குக்கு முன்பு பத்து நிமிடம் குச்சியில் கட்டிய இறகைத் துரத்தவிடுங்கள். துரத்தி, பிடித்து, தின்று, உடம்பை நக்கி, தூங்குவதுதான் அதன் இயல்பான வரிசை.

இந்தப் பங்கு சில நாய்களுக்கும் கை கொடுக்கும். வெறும் வயிறு நீண்டால் விடிகாலையில் மஞ்சள் நுரையாகப் பித்தம் வாந்தி எடுக்கும் நாய்கள் இருக்கின்றன. இரவில் நாலில் ஒரு பங்கு கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நாய்க்குட்டிகளை மட்டும் சிறுநீர் விஷயத்தில் காக்கவைக்காதீர்கள். பழைய நேரத்துக்கே வெளியே கொண்டுபோய், விளையாட்டு, தீனி எதுவும் இல்லாமல் திரும்பப் படுக்கவையுங்கள்.

நவம்பரில் மாலை 5 மணியை ஒட்டியே இருட்டிவிடும். நடைக்கு மின்னும் கழுத்துப்பட்டையும் உங்களுக்கு ஒளி பிரதிபலிக்கும் மேலாடையும் வாங்கிவையுங்கள். புதிய கழுத்துப்பட்டையை முதலில் வீட்டுக்குள் கட்டிப் பழக்குங்கள்.

நான்காம் படி: ஆட்டோ ஃபீடர்

ஆட்டோ ஃபீடர் என்பது பதிந்த நேரத்தில் தானே தீவனம் கொட்டும் கருவி. வைஃபையில் இணைந்த ஃபீடர் பெரும்பாலும் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். வசதிதான், ஆனால் உங்கள் கால்மணி நேரக் கணக்கை அது ஒரேயடியாகக் கலைத்துவிடும். சனி இரவே ஞாயிறுக்கான சாப்பாட்டு நேரத்தைப் புதிய கடிகாரப்படி பதிந்து, காலையில் திரையைச் சரிபாருங்கள். அதிகாலை 1 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே சாப்பாடு பதிந்திருந்தால் அந்த ஓர் இரவுக்கு நீக்கிவிடுங்கள். நவம்பரில் இருமுறை கொட்டவும், மார்ச்சில் கொட்டாமலே போகவும் வாய்ப்புண்டு.

வைஃபை இல்லாத ஃபீடரில் நவம்பரில் கடிகாரத்தைத் தொடாதீர்கள். அதன் பழைய கடிகாரப்படி 7:15, 7:30, 7:45, 8:00 என்று சாப்பாட்டு நேரத்தை மட்டும் தள்ளுங்கள். புதன்கிழமைச் சாப்பாடு விழுந்த பிறகு கடிகாரத்தை ஒரு மணி பின்னே வைத்து, சாப்பாட்டை 7 என்று மாற்றுங்கள்.

ஃபீடரில் இன்னொரு நன்மையும் உண்டு. மோட்டார் உறுமும் மெல்லிய சத்தத்துக்குப் பூனையின் காது திரும்பத் தொடங்கிவிட்டால், உங்களை எழுப்பிப் பயனில்லை என்பது அதற்குப் புரிந்துவிட்டது.

ஐந்தாம் படி: மருந்து சாப்பிடும் பிராணி

இங்கே மேலே சொன்ன கால்மணிக் கணக்கு வேண்டாம். நீரிழிவுக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போடும் நாய், பூனைக்கு ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். பொதுவான வழி அரைமணி வீதம் இரண்டு தடவை நகர்த்துவது. காலை 7, மாலை 7 என்று போடுபவர் மார்ச்சில் சனி மாலை 6:30க்கு, ஞாயிறு காலை புதிய 7க்குப் போட்டால் இரண்டு இடைவெளியும் 11½ மணி நேரம். நவம்பரில் சனி மாலை 7:30, ஞாயிறு காலை புதிய 7, இடைவெளி 12½. ஊசியோடு சாப்பாடும் சேர்ந்தே நகர வேண்டும். பிராணி சாப்பிடவில்லை என்றால் மருத்துவரைக் கேட்காமல் ஊசி போடாதீர்கள். சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் இரண்டாவது ஊசி கூடவே கூடாது. வலிப்பு மருந்துக்கும் இதே கவனம் தேவை.

மற்றவை

மீன்தொட்டி விளக்கு டைமரை அப்படியே விட்டுவிடுங்கள்; மீனுக்கு நம் ஞாயிற்றுக்கிழமையால் ஆவது ஒன்றுமில்லை. கிளி, பட்ஜி (சிறு கிளி வகை) ஆகியவற்றுக்குக் கூண்டுத் துணி போடும் நேரத்தை நாளுக்குப் பத்து நிமிடம் நகர்த்துங்கள். ஆனால் இரவில் 10 முதல் 12 மணி நேர இருட்டு குறையக் கூடாது. முயலுக்கு எப்போதும் புல் இருக்க வேண்டும், அதில் நேரக் கணக்கே கிடையாது.

நேர மாற்றத்தின் மேல் பழி போடக் கூடாதவை

பெரும்பாலான பிராணிகள் ஒரு வாரத்துக்குள் சமநிலைக்கு வந்துவிடும். பூனை 24 மணி நேரம் எதுவும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். பட்டினியால் அதன் ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். முயல் அரை நாள் புல்லைத் தொடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அவசரம், விடியும்வரை காத்திருக்காதீர்கள். ஆண் பூனை லிட்டர் பெட்டியில் (மலஜலம் கழிக்கும் பெட்டி) திரும்பத் திரும்ப உட்கார்ந்து சிறுநீர் வராமல் தவித்தால் அதுவும் அப்படியே. வயதான பூனை இரண்டு வாரம் கடந்தும் இரவில் கத்தி அலைந்தால், கூடவே எடை குறைந்தாலோ தண்ணீர் அதிகம் குடித்தாலோ, தைராய்டு, சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் படியில் எழுதிய அந்த மூன்று நாள் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி ‘எப்போதிலிருந்து?’ என்பதாகத்தான் இருக்கும்.