தலை பெருத்து முதுகு ஒட்டிய திலேப்பியா

10 சென்ட் குட்டையில் 2,000 கிஃப்ட் திலேப்பியா (வேகமாக வளர மேம்படுத்திய வளர்ப்பு மீன் ரகம்) குஞ்சுகள் விட்டிருந்தேன். நாலாம் மாதம் வீச்சு வலையில் வந்தவை 100 கிராமைத் தாண்டவில்லை; தலை மட்டும் பெரிது, முதுகு ஒல்லி. தீவனம்தான் போதவில்லை என்று 28 சதவீதப் புரதத்திலிருந்து 32-க்கு மாறினேன். மூன்று வாரத்தில் தண்ணீர்தான் கரும்பச்சையானது. உடம்பில் ஒட்டாத புரதம் அமோனியாவாகத்தானே வெளியேறும், அது பாசிக்கு உரமாகிவிடும். பாதித் தண்ணீரை மாற்றியும் எடை ஏறவில்லை.

அப்புறம்தான் கவனித்தேன்: காலை 6 மணிக்குப் போட்ட தீவனம் அப்படியே மிதந்தது, மாலையில் போட்டது பத்து நிமிடத்தில் காலி. விடியலில் ஆக்சிஜன் அளந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராம்கூட இல்லை. நெரிசல் குறையட்டும் என்று 800 மீன்களைப் பிடித்து விற்றேன். பழைய 28 சதவீதத் தீவனத்தையே, வெயில் ஏறி ஆக்சிஜன் கூடிய பிறகு, காலை 9 மணிக்கு மேல் போட்டேன். அடுத்த மாதம் சராசரி 170 கிராம். அப்பாடா!