கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் தோட்டக்கலை: எதை முதலில் எடுக்கலாம், எங்கே சறுக்கும்

ஓக்லண்டின் மெரிட் காலேஜ், ஆப்டாஸின் கப்ரியோ போன்ற கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருடப் படிப்பு தரும் பொதுக் கல்லூரிகள்) சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலோ 18 வயது ஆகியிருந்தாலோ போதும். மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் கணக்கு) 46 டாலர், அதாவது 3 யூனிட் பாடத்துக்கு 138. வெளியாட்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அதனால் முதல் வேலை, ஒரு வருடமும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் குடியிருந்ததைக் காட்டும் தாள்களைச் சேர்ப்பது: வாடகை ஒப்பந்தம், டிரைவிங் லைசென்ஸ், மாநில வரித் தாக்கல். சுற்றுலா விசாவில் சேர முடியாது. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கானது) படிக்கலாம். ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துடன் பயிற்சிக்குப் போகக் கூடாது.

இங்கே தரும் அசோசியேட் பட்டத்துக்கு 60 யூனிட். அதில் ஆங்கிலம், கணிதம் எல்லாம் அடக்கம். ஊரிலேயே ஒரு பட்டம் வாங்கியவர் அதைத் திரும்பவும் சுமக்க வேண்டாம். தொழில் பாடங்கள் மட்டும் உள்ள சான்றிதழே போதும். வகுப்பும் வீட்டுப்பாடமும் சேர்த்து ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரம் ஆகும். 3 யூனிட் பாடமே வாரத்துக்கு 8, 9 மணி நேரத்தை விழுங்கும். வேலைக்கும் போகிறவர் ஒரு செமஸ்டருக்கு இரண்டுக்கு மேல் எடுத்தால் மூன்றாவதைப் பாதியில் கைவிட வேண்டிவரும்.

முதல் பாடமாகச் செடி அடையாளம் காணுதலை எடுங்கள். பலர் இதில்தான் சறுக்குகிறார்கள், ஏனென்றால் புகைப்படம் பார்த்துப் படிக்கிறார்கள். தேர்வில் கையில் கிடைப்பது ஒரு கிளை. தாவரவியல் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் மதிப்பெண் போகும். இலை வடிவத்தை நம்பவே நம்பாதீர்கள். மேப்பிள், லிக்விடாம்பர், லண்டன் பிளேன் ஆகிய மூன்று மரங்களுக்கும் இலை விரல் விரித்த கைபோலத்தான் இருக்கும். இலைகள் தண்டில் எதிரெதிரே இருந்தால் மேப்பிள். மாறி மாறி இருந்தால் மற்ற இரண்டில் ஒன்று. இலைக்காம்பை மெல்லக் கிள்ளி எடுங்கள்: காம்பின் அடி குழிந்து, உள்ளே மொட்டை மூடி வைத்திருந்தால் அது பிளேன். லிக்விடாம்பரில் மொட்டு வெளியே தெரியும்; இலையைக் கசக்கினால் பிசின் வாசனை வரும். க்வெர்கஸ் அக்ரிஃபோலியா என்ற ஓக் மரத்துக்கு இலையைத் திருப்ப வேண்டும். அடிப்பக்கத்தில் நரம்புகள் பிரியும் மூலைகளில் சிறு முடிக்கற்றை இருக்கும். இதற்கு 10 மடங்கு பெருக்கும் கை லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் செமஸ்டரில் படிப்பவர் இலை உதிருமுன் மொட்டையும் பட்டையையும் பழகிவிட வேண்டும், கடைசித் தேர்வு டிசம்பரில்.

அடுத்தது செடி இனப்பெருக்கப் பாடம், அதாவது வெட்டிய தண்டு போன்றவற்றிலிருந்து புதுச் செடி உருவாக்குவது. ரோஸ்மேரியில் தொடங்குவது நல்லது. பூக்காத நுனித்தண்டில் 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். கீழ்ப் பாதி இலைகளை உருவிவிடுங்கள். வேர்விடத் தூண்டும் பொடியை டப்பாவிலிருந்து சிறிது வெளியே கொட்டி, தண்டின் அடியை அதில் தொடுங்கள். நேரே டப்பாவுக்குள் விட்டால் ஈரமும் நோயும் மொத்தப் பொடியையும் கெடுக்கும். பொடியில் உள்ள ஐ.பி.ஏ. என்ற வேர்த் தூண்டியின் அளவு இளந்தண்டுக்கு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு), பாதி முற்றியதற்கு 3000, முற்றிய கட்டைக்கு 8000. கூடுதலாகப் போட்டால் வேர் வேகமாக வராது, அடி கருகும். பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல் துகள்) பீட்டும் (மக்கிய பாசி) சம அளவு கலந்து நட்டு, அடியில் 21 முதல் 24 டிகிரி செல்சியஸ் சூடு வையுங்கள். மூன்று முதல் ஐந்து வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடித்துக்கொள்ளும். அடி கறுத்துக் குழைந்தால் கலவையில் காற்று இல்லை, பெர்லைட்டைக் கூட்டுங்கள். வெட்டிய இடத்தில் முடிச்சு மட்டும் கட்டி வேர் வரவில்லையா? பெரும்பாலும் தண்டு முற்றிப்போயிருக்கும்.

மண் பாடத்தில் விரலால் நாடா இழுக்கும் சோதனையைப் பழகினால் போதும். ஈர மண்ணைப் பெருவிரலால் தள்ளும்போது நாடா 2.5 செ.மீ.க்குள் ஒடிந்தால் லோம் (மணலும் வண்டலும் களியும் கலந்த மண்), 5 செ.மீ.யைத் தாண்டினால் களிமண்.

செடி வெட்டும் கத்தரிக்கோல் வாங்கும்போது இரண்டு அலகும் ஒன்றையொன்று தாண்டிப் போகும் பைபாஸ் வகையாகப் பாருங்கள். தட்டையான அடியில் அமுங்கும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். செடிக்குச் செடி 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். பிளீச் வேண்டாம், அலகு துருப்பிடிக்கும்.

சான்றிதழ் வாங்கிவிட்டால் மருந்தடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிறர் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடிக்க மாநிலப் பூச்சிக்கொல்லித் துறையின் தேர்வு தனி. சி-27 எனப்படும் தோட்ட ஒப்பந்ததாரர் உரிமத்துக்கு நான்கு வருட அனுபவம் கேட்பார்கள்; படிப்பை அதில் ஒரு பகுதியாகக் கணக்கில் எடுப்பார்கள். முதல் செமஸ்டரிலிருந்தே தோட்டம் அமைக்கும் நிறுவனத்தில் அனுமதியோடு வேலை பார்க்க முடிந்தால், செய்த வேலையையும் தேதியையும் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.