தெரிந்த சொல்தான் கவிழ்க்கும்: பழைய ஆங்கிலத்தைத் தமிழாக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு பயிலரங்கில் பன்னிரண்டு பேருக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொடுத்துத் தமிழாக்கச் சொன்னேன். பதினொரு தாள்களில் 'ஃபேக்டரி' என்ற சொல் 'தொழிற்சாலை' ஆகியிருந்தது. ஒரே ஒரு பெண் மட்டும் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன் நானும் தொழிற்சாலை என்றுதான் எழுதினேன், அது அச்சிலும் ஏறியது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒற்றுப்பிழை, இழுத்துக்கொண்டே போகும் வாக்கியம் இதையெல்லாம் பிழைதிருத்துபவர் பார்த்துக்கொள்வார். அவர் கண்ணுக்கும் தப்புகிறவை வேறு.

தெரிந்த சொல்லுக்கு அகராதி பார்க்காமல் விடுவது

தெரியாத சொல் வந்தால் எல்லோரும் அகராதியைப் புரட்டுகிறோம். அதனால் கடினமான சொற்களில் பெரிய தவறு நேர்வதில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே படித்த சொற்களில்தான் நேர்கிறது.

'ஃபேக்டரி'யையே எடுத்துக்கொள்வோம். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி அதற்கு இரண்டே பொருள் தருகிறது. தொலைதேசத்தில் வியாபாரிகள் தங்கியிருக்கும் வீடு அல்லது பகுதி என்பது ஒன்று. அப்படி ஓரிடத்தில் கூடியிருக்கும் வியாபாரிகளின் குழு என்பது மற்றொன்று. பொருள் உற்பத்தி செய்யும் இடம் என்ற பேச்சே அங்கே இல்லை. 1828இல் நோவா வெப்ஸ்டரின் அமெரிக்க அகராதிக்கு வந்தால், அந்தப் பொருள் மூன்றாவதாகச் சேர்ந்திருக்கிறது. 'மேனுஃபேக்டரி' என்பதன் சுருக்கம் இது, இப்போது அதிகம் வழங்குவதும் இதுதான் என்று அவரே குறித்திருக்கிறார். 73 வருட இடைவெளியில் இரண்டு அகராதிகள், நடுவில் ஒரு சொல் வீடு மாறிவிட்டது.

'ஃபேக்டர்' என்றால் முதலாளிக்காக வெளியூரில் இருந்து வாங்கி விற்கும் முகவர். அவர் தங்கி, சரக்கை அடுக்கி, கணக்கு எழுதிய இடம் ஃபேக்டரி. ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்தில் அமைத்தது அதைத்தான். தமிழில் பண்டகசாலை என்றோ வணிக நிலையம் என்றோ சொல்லலாம்.

ஒரு சிறு பதிப்பகத்துக்காகக் கிழக்குக் கரை வரலாற்று நூல் ஒன்றை மொழிபெயர்த்தபோது இது எனக்குத் தெரியாது. நூல் முழுக்கத் தொழிற்சாலை, தொழிற்சாலை என்றே எழுதிக்கொண்டு போனேன். புத்தகம் வந்து இரண்டு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் வயதான கைத்தறி நெசவாளர். "அந்தத் தொழிற்சாலையில் எத்தனை தறி இருந்தது? எங்கள் பாட்டன் காலத்திலிருந்து வீட்டுத் தறியில்தான் நெய்ததாகச் சொல்வார்கள்" என்று இரண்டே வரி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது முற்றிலும் சரி. துணியை நெய்தது ஊர் ஊராக இருந்த நெசவாளர்கள். கம்பெனி உள்ளூர் வணிகர்கள் மூலம் முன்பணம் கொடுத்தது. நெய்து வந்ததைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, கப்பல் வரும்வரை பண்டகசாலையில் வைத்திருந்தது. 1734இல் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியதே நெசவாளர்களைக் குடியமர்த்தத்தான். தறிகள் கோட்டைக்குள் இல்லை, பேட்டையில் இருந்தன. நானோ ஒரே சொல்லில் தறியை நெசவாளர் வீட்டிலிருந்து எடுத்துக் கம்பெனிக் கட்டடத்துக்குள் வைத்துவிட்டேன். நெய்தவர் கையிலிருந்த தொழிலை வாங்கியவனுக்கு எழுதிக் கொடுத்ததுபோல.

விற்காமல் கிடந்த பிரதிகளுக்குத் திருத்தத் தாள் அச்சிட்டு, நானே உட்கார்ந்து பசை தடவி ஒட்டினேன். அந்த நூலுக்கு வாங்கிய பணம் அதிலேயே போனது. பணம் போகட்டும். விற்றுப்போன பிரதிகளிலிருந்து அந்த வாக்கியம் வேறு இரண்டு நூல்களுக்குப் போய்ச் சேர்ந்திருப்பதைப் பிறகு பார்த்தேன். அவற்றுக்கு நான் எங்கே போய்த் தாள் ஒட்டுவது? இன்றும் யாராவது 'சூரத்தில் ஆங்கிலேயர் தொடங்கிய முதல் தொழிற்சாலை' என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. எழுதியவர்மேல் பாதி, என்மேல் பாதி.

அதே கடிதத்தில் 'ரைட்டர்' என்ற சொல்லும் உண்டு. நான்கு பேர் 'எழுத்தாளர்' என்று போட்டிருந்தார்கள். கம்பெனியில் ரைட்டர் என்பது அடிமட்ட எழுத்தர் பதவி, அதற்கு மேல்படிதான் ஃபேக்டர். ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தது ரைட்டராகத்தான். நம் காவல் நிலையங்களில் இன்றும் 'ரைட்டர்' இருக்கிறார். நான்கு பேருக்குமே அது நினைவுக்கு வரவில்லை.

அகராதியின் முதல் பொருளே முக்கியப் பொருள் என்று எடுப்பது

ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களைக் கால வரிசையில் அடுக்குகிறது. பழையது முதலில் வரும். 'நைஸ்' என்ற சொல்லைத் திறந்தால் 'முட்டாள்தனமான' என்பதுதான் முதலில் நிற்கும். மாணவர் அகராதிகளில் இன்று அதிகம் வழங்கும் பொருள் முதலில் வரும். கையில் இருப்பது எந்த வகை என்று முன்னுரையைப் படித்தால் தெரிந்துவிடும். முன்னுரையை யாரும் படிப்பதில்லை.

தவறான பொருளும் பொருந்திவிட்டால் மேலே போய்விடுவது

பிரிட்டனில் 1815 முதல் 1846 வரை இருந்த 'கார்ன்' சட்டங்களைச் சோளச் சட்டங்கள் என்று எழுதினால், யாராவது ஒருவர் 'அங்கே ஏது இவ்வளவு சோளம்' என்று கேட்டுவிடுவார். அப்புறம் பார்த்தால் அந்தச் சொல் அங்கே எல்லாத் தானியங்களையும், முக்கியமாகக் கோதுமையையும் குறிக்கிறது என்று தெரியும். இந்த மாதிரித் தவறு தானே காட்டிக்கொடுக்கும்.

பயப்பட வேண்டியது 'பிரசன்ட்லி' போன்ற சொல்லுக்கு. பழைய நூல்களில் அது 'உடனே'. பிறகு 'சற்று நேரத்தில்' என்று தேய்ந்தது. இன்று 'தற்போது' என்றும் வழங்குகிறது. தளபதி உடனே வருகிறார், சற்று நேரத்தில் வருகிறார், தற்போது வருகிறார். மூன்றுமே நல்ல தமிழ் வாக்கியங்கள். எது தவறு என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

செத்த சொல் என்று ஒதுக்குவது

'லெட்' என்றால் 'விடு' என்று மட்டும் நினைக்கிறோம். 'தடை' என்ற நேர் எதிர்ப்பொருளும் அதற்கு இருந்தது. அது செத்துவிடவில்லை. நம் கடவுச்சீட்டின் உள்பக்கத்தில், இவரை 'லெட்' இல்லாமல் போகவிடுங்கள் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. டென்னிஸில் சர்வீஸ் போட்ட பந்து வலையைத் தொட்டு, விழ வேண்டிய கட்டத்துக்குள் விழுந்தால் நடுவர் சொல்வதும் இதே 'லெட்'தான்.

1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் 'பிரிவென்ட்' வருகிறது, இறந்தவர்களை உயிரோடிருப்பவர்கள் 'பிரிவென்ட்' செய்வதில்லை என்று. இன்றைய ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் 'தடுப்பதில்லை' என்று படிப்பார். தமிழ் வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், 'முந்திக்கொள்வதில்லை' என்று தெளிவாக இருக்கிறது. சந்தேகம் வந்தால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் ஒரு கை பாருங்கள்.

வேர்ச்சொல்லை வைத்துப் பொருள் ஊகிப்பது

வேண்டாம். சொல் எங்கிருந்து கிளம்பியது என்றுதான் வேர் சொல்லும், 1780இல் எங்கே இருந்தது என்று சொல்லாது.

நூலின் ஆண்டைப் பார்க்காமல் அகராதியைத் திறப்பது

முதலில் நூலின் ஆண்டு, பிறகு அதற்கு நெருங்கிய அகராதி. ஜான்சனும் வெப்ஸ்டரும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறார்கள். இந்தியா பற்றிய எழுத்தென்றால் 1886இல் யூலும் பர்னலும் கொண்டுவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' பக்கத்திலேயே இருக்கட்டும். இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் என்ன சொல்லை எந்தப் பொருளில் புழங்கினார்கள் என்பது அதில் இருக்கிறது.

பயிலரங்கின் இரண்டாம் நாள் ஒரு வருவாய்த்துறை அறிக்கையைக் கொடுத்தேன். அதில் 'டேங்க்' என்று வந்த இடத்தில் ஒரு தம்பி 'தண்ணீர்த் தொட்டி' என்று எழுதியிருந்தான். அடுத்த வரியிலேயே அதன் மதகும் கலிங்கும் வருகின்றன. 'மதகு வைத்த தொட்டியை நீ பார்த்திருக்கிறாயா, தம்பி?' என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் தொட்டியை அடித்துவிட்டு 'ஏரி' என்று எழுதினான்.