அம்மா அப்பா வீட்டு வாசலுக்கு மணிக் கமரா: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து இலங்கையிலுள்ள ஊருக்குக் கொண்டுபோகும் சாமான்களில் இப்போது வாசல் மணிக் கமராவும் சேர்ந்துவிட்டது. கழிவு விலையில் கிடைத்தது என்று வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவோர் பலர், அந்த வீட்டுக்கு அது சரிவராது என்பதை அங்கே சுவரில் துளை போட்ட பிறகுதான் காண்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் கமராவில் இல்லை. மணி வயரில் இருக்கும், அல்லது படலைக்கும் (வளவின் வெளிக் கேற்) வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் இருக்கும். ஆகவே முதலில் ஊரிலுள்ள ஒருவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: மணிச் சுவிச், அது பூட்டியிருக்கும் சுவர், ரவுட்டர் இருக்கும் இடம். படலையிலிருந்து ரவுட்டர் வரை எத்தனை அடி என்பதையும் நடந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

மணி வயரைத் தொடாதீர்கள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாசல் மணிகள் ஒரு சிறு மின்மாற்றி வழியாக 16 முதல் 24 வோல்ற் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தில் இயங்குகின்றன. பிரித்தானியாவில் பழைய மணிகள் பலவற்றுக்கு 8 வோல்ற்தான். அங்கு விற்கும் வயர் இணைப்புள்ள மணிக் கமராக்கள் இந்தக் குறைந்த மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. இலங்கை வீடுகளில் மணிச் சுவிச்சுக்கு வருவது பெரும்பாலும் நேரடி 230 வோல்ற், லைற் சுவிச்சுக்கு வருவது போலவே. இரண்டு வயர்தானே என்று பழைய சுவிச்சைக் கழற்றிவிட்டுக் கமராவைப் பூட்டினால் அது அந்த நொடியே எரியும். மழையில் நனைந்த சுவரில் அதைத் தொடுபவருக்கு உயிராபத்தும் உண்டு. கனடாவிலிருந்து மின்மாற்றியையும் சேர்த்துக் கொண்டுபோவதும் தீர்வாகாது. அது 120 வோல்ற் உள்ளீட்டுக்கானது, 230இல் கருகிவிடும்.

எனவே பற்றரியில் இயங்கும் வகையே முதல் தெரிவு. வயரில்தான் வேண்டும் என்றால், 230 வோல்ற்றை 24 வோல்ற் ஏசியாக இறக்கும் மின்மாற்றியை ஊரிலுள்ள எலெக்ரீசியனைக் கொண்டு மீற்றர் பலகைக்குப் பக்கத்தில் பூட்டி, அங்கிருந்து புது வயர் இழுக்க வேண்டும். யூஎஸ்பி வழியாக 5 வோல்ற் கொடுக்கும் கமராக்களில் வேறொரு சிக்கல். மெல்லிய வயரில் 10 மீற்றர் தூரத்துக்கு 5 வோல்ற்றை அனுப்பினால் ஒரு அம்பியருக்கு ஏறக்குறைய 1.7 வோல்ற் வழியிலேயே போய்விடும். மிச்சம் 3.3தான். கமரா பகலில் வேலை செய்யும். இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து வரும். கமரா பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களில் சிலருடைய குற்றவாளி இந்த வயர்தான். 5 வோல்ற் அடாப்டர் கமராவிலிருந்து இரண்டு மூன்று மீற்றருக்குள் இருக்கட்டும்.

பழைய சுவிச்சை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் கமராவைப் பூட்டினால், வருகிறவர் பழக்கத்தில் பழையதைத்தான் அழுத்துவார். எலெக்ரீசியனைக் கொண்டு மெயின் சுவிச்சை நிறுத்தி, வயர் முனைகளைக் காப்பிட்டு, வெறும் மூடித் தகடு போட்டு மறைத்துவிடுங்கள்.

படலையிலா, கதவிலா?

யாழ்ப்பாணத்து வளவுகளில் படலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம். இடையில் 50 அடி, 100 அடி. வருகிறவர் படலையில் நின்றுதான் கூப்பிடுவார். கதவில் பூட்டிய கமரா அவரைக் காணவே காணாது. படலைத் தூணில் பூட்டினால் வைஃபை எட்டாமல் போகலாம், களவுபோகவும் கூடும். இந்த ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் மற்றவை தானாக அமையும்.

பற்றரிக் கமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையில் மட்டும் இயங்கும். சீமெந்துக் கல் சுவர் இரண்டும் தகரம் அடித்த கேற்றும் குறுக்கே இருந்தால் அந்த அலையும் தளர்ந்துவிடும். ஆண்ட்ராய்ட் கைபேசி ஒன்றில் வைஃபை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டு, கமரா வரப்போகும் இடத்தில் கேற்றைச் சாத்திவிட்டு நின்று பாருங்கள். கழித்தல் 65 டெசிபெல் அல்லது அதைவிட நல்லதாக, அதாவது கழித்தல் 60, 55 என்று காட்டினால் போதும். கழித்தல் 75 என்றால் மணி அடித்து ஆள் திரும்பிப் போன பிறகுதான் படம் வரும். அப்போது ரவுட்டரை முன் விறாந்தைப் பக்கம் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் வைஃபை ரிப்பீற்றர் ஒன்றை இடையில் வையுங்கள். வட அமெரிக்காவில் வாங்கிய கருவிகள் பல 1 முதல் 11 வரையான அலைவரிசைகளை மட்டுமே காணும். ஊர் ரவுட்டர் தானாக 12க்கோ 13க்கோ மாறினால் வைஃபையே இல்லை என்று கமரா சொல்லும். ரவுட்டர் அமைப்பில் 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை நிலையாகத் தெரிந்துவிடுங்கள்.

தூரம் மிக அதிகமென்றால், அல்லது பெற்றோர் கைபேசியைத் தொடவே மாட்டார்கள் என்றால், இணையக் கமராவை மறந்துவிட்டு வீடியோ டோர் போனைப் பாருங்கள். படலையில் பொத்தானும் கண்ணும், உள்ளே சுவரில் 7 அங்குலத் திரை, இடையில் நாலு இழை வயர். மணி அடிக்கும், முகம் தெரியும், ஒரு பொத்தானை அழுத்திப் பேசலாம். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம். வெளிநாட்டிலிருந்து நீங்கள் பார்க்க முடியாது என்பதுதான் குறை. அந்தக் குறை உங்களுக்கா பெற்றோருக்கா என்று ஒருமுறை யோசியுங்கள்.

வயதானவர் காதும் கையும்

கமரா வாங்கும்போது படத்தின் தெளிவைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டிலிருப்பவருக்கு வேண்டியது உள்ளே ஒலிக்கும் மணி. கைபேசி வேறு அறையில் சார்ஜில் கிடக்கும், அம்மா குசினியில் நிற்பா. ஆகவே பிளக்கில் குத்தி வைக்கும் உள்மணி சேர்ந்து வரும் வகையையே வாங்குங்கள். இரண்டு இருந்தால் ஒன்றைக் குசினியிலும் மற்றதைப் படுக்கையறையிலும் வைக்கலாம். முதுமையில் உச்ச சுருதிதான் முதலில் கேளாமல் போகும். கீச்சென்ற பாட்டுகளை விட்டு, தாழ்ந்த சுருதியில் டிங்-டொங் என்று அடிக்கும் ஒலியைத் தெரிந்து, அவர் இருக்கும் அறைக்கதவைச் சாத்திவிட்டு அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மின்னும் உள்மணி, காது மிகவும் மந்தமானவருக்கு உதவும். உள்மணியின் பிளக் எந்த நாட்டுக்கானது என்பதையும் பாருங்கள். ஊர் வீடுகளில் 13 அம்பியர் சதுரமுனையும் உண்டு, பழைய உருண்டைமுனையும் உண்டு. 100–240 வோல்ற் என்று அச்சிட்டிருந்தால் மட்டும் மாற்று முனை போட்டுப் பாவிக்கலாம்.

பற்றரியைச் சார்ஜ் செய்ய முழுக் கமராவையும் சுவரிலிருந்து கழற்ற வேண்டிய வகைகள் உண்டு. எழுபத்தைந்து வயதுக்காரரை அதற்காகக் கதிரையில் ஏற வைக்காதீர்கள். பற்றரி மட்டும் தனியாக வெளியே வரும் வகையையும் கூடுதலாக ஒரு பற்றரியையும் வாங்குங்கள். பெட்டியில் ஆறு மாதம் என்று எழுதியிருந்தாலும், வீதியைப் பார்த்தபடி நாள் முழுக்க அசைவைப் பதிந்தால் இரண்டு மாதத்துக்குள்ளேயே தீர்ந்துவிடலாம். தனிப் பற்றரிகளைக் கைப்பையில்தான் விமானத்தில் கொண்டுபோக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. 6000 மில்லி அம்பியர்-மணிப் பற்றரி ஏறக்குறைய 22 வாற்-மணி. 100 வரை தனி அனுமதி தேவையில்லை.

வெயில், மழை, மின்வெட்டு

அசைவை உணரும் உணரி உடம்புச் சூட்டுக்கும் சுற்றுச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மத்தியானம் சுவரும் தரையும் உடம்பளவு சூடானால் ஆள் வந்தாலும் தெரியாமல் போகலாம். நேரே கமராவை நோக்கி நடப்பவரைவிடக் குறுக்கே போகிறவரை அது எளிதில் பிடிக்கும். ஆகவே வழிக்குச் சற்றுச் சாய்வாகப் பூட்டுங்கள். மேற்கு வெயில் நேரே விழும் சுவர் பற்றரிக்குக் கெடுதல். உயரம் தரையிலிருந்து 4 அடி. ஒக்டோபர் முதல் அடிக்கும் வாடைக்கால மழைக்கு ஐபி65 தரம் (தூசும் பீய்ச்சும் நீரும் உள்ளே புகாது) இருக்கட்டும், மேலே ஒரு சிறு கூரைத் தகடும் போடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் இருபக்கப் பசை நாடா நிற்காது. 6 மில்லிமீற்றர் துளை, பிளாஸ்ரிக் பிளக், கடற்கரை ஊரென்றால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி.

மின்வெட்டில் பற்றரிக் கமரா விழித்திருக்கும், ரவுட்டர் தூங்கிவிடும். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ற் என்றிருந்தால் மின்வெட்டில் மின்சாரம் தரும் சிறு பற்றரிப் பெட்டியான 12 வோல்ற் மினி யூபிஎஸ் ஒன்று போதும். 38 வாற்-மணி கொண்டது, 8 வாற் எடுக்கும் ரவுட்டரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஃபைபர் இணைப்பென்றால் சுவரிலுள்ள பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும், அதை மறக்காதீர்கள்.

டேட்டா பற்றி: 30 விநாடிப் பதிவு ஏறக்குறைய 5 முதல் 6 மெகாபைற். நாளுக்கு 20 பதிவென்றால் மாதம் மூன்றரை கிகாபைற். வீதியில் போகும் ஒவ்வொரு சைக்கிளையும் பதிந்தால் இதுவே பத்து மடங்காகும். செயலியில் அசைவு வலயத்தை, அதாவது கமரா அசைவைக் கவனிக்கும் பகுதியை, படலைக்கு உள்ளே மட்டும் வரையுங்கள். அயல்வீட்டு முற்றமும் கிணற்றடியும் படத்தில் விழாமல் இருக்க அதுவே வழி. பதிவுகளைப் பார்க்க மாதச் சந்தா கேட்கும் வகைகளும் உண்டு; ரிங் (Ring) நிறுவனக் கமராவில் சந்தா இல்லாவிட்டால் நேரலையும் அறிவிப்பும் மட்டுமே, பழைய பதிவு கிடைக்காது. நினைவட்டையில் பதியும் வகையே ஊருக்கு வசதி.

கணக்கு யார் பெயரில்?

பதிவுசெய்யும்போது விடுமுறைக்கு வாங்கிய உள்ளூர் சிம் எண்ணைக் கொடுக்காதீர்கள். அது செயலிழந்த பிறகு சரிபார்ப்புக் குறியீடு யாருக்கும் வராது. உங்கள் நிரந்தர மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கி, மற்றவர்களைப் பகிர்வில் சேருங்கள். சில செயலிகளில் நாட்டுப் பிராந்தியம் ஒன்றாக இருந்தால்தான் பகிர முடியும், ஆகவே ஊரிலுள்ளவரையும் நீங்கள் அங்கே நிற்கும்போதே சேர்த்துப் பாருங்கள். நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றுங்கள். ஊரில் காலை பத்து மணிக்கு மணி அடித்தால் கோடைகால ரொறன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. முதலில் எழும்பிப் பார்ப்பவர் நீங்களாக இருக்க முடியாது. நடந்து வரக்கூடிய தூரத்திலுள்ள ஒரு சொந்தக்காரர் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

இத்தனையையும் பயணத்தின் கடைசி நாளில் செய்யாதீர்கள். இறங்கிய முதல் வாரத்திலேயே பூட்டினால் ஒரு மழை, ஒரு மின்வெட்டு, நாலைந்து வருகையாளர் என்று எல்லாம் பார்த்துவிடலாம். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி ரவுட்டரின் அடியில் ஒட்டிவிட்டு வாருங்கள். பின்னொரு நாள் புது ரவுட்டர் வந்தால், பூட்ட வருபவரிடம் அதே பெயரையும் அதே கடவுச்சொல்லையும் போடச் சொன்னால் போதும். கமரா தானாக இணைந்துகொள்ளும், அப்பா எதையும் தொட வேண்டியதில்லை.