பிரிட்டனுக்கு வரும் வெளிநாட்டுப் பார்சல்: வரி எவ்வளவு என்று முன்பே கணக்கிடுவது எப்படி?

வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கும் பொருள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முகவரிகளுக்கு வரும்போது முதலில் பார்க்க வேண்டியது 135 பவுண்டு என்ற எல்லையை. தபால் செலவு பில்லில் தனியாக இருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். ஆனால் ஒரே பெட்டியில் வரும் பொருள்களின் விலையைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். 80 பவுண்டுக்கு ஒன்று, 70 பவுண்டுக்கு ஒன்று என்றால் 150, எல்லை தாண்டிவிட்டது.

135 வரை சுங்க வரி கிடையாது (மது, புகையிலை, வாசனைத் திரவியம் தவிர). 20% வாட் வரியை விற்பவரோ ஈபே, எட்ஸி போன்ற தளமோ பணம் கட்டும்போதே வாங்கிவிட வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் இதுதான் விதி. வாட் தொகை தெரியும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள்; வாசலில் மறுபடி கேட்டால் அதுதான் ஆதாரம்.

135-ஐத் தாண்டினால் வரியைப் பார்சல் கொண்டுவருபவர் வசூலிப்பார். இப்போது தபால் செலவும் கணக்கில் சேரும். அமெரிக்காவிலிருந்து 200 பவுண்டு ஜாக்கெட், தபால் செலவு 25, சுங்க வரி 12% என்று வைத்துக்கொள்வோம். 225-க்கு 12% என்றால் 27. இரண்டும் சேர்ந்த 252-க்கு வாட் 20%, அதாவது 50.40. ராயல் மெயில் கையாளும் கட்டணம் 8. ஆக மொத்தம் 85.40 பவுண்டு கூடுதல். வரிமேல் வரி விழுவதைத்தான் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். கூரியர் நிறுவனங்களின் கட்டணம் வேறு. சில, பொருளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பில் அனுப்பும். விற்பவர் ‘டிடிபி’ என்று போட்டிருந்தால் வரி ஏற்கெனவே விலையில் அடங்கியது.

சென்னையிலிருந்து தமிழ்ப் புத்தகம் வாங்குபவர்கள் இதைக் கவனியுங்கள்: அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்க வரியும் இல்லை, வாட்டும் பூஜ்யம். சுங்கப் படிவத்தில் ‘பொருள்கள்’ என்று பொதுவாக எழுதினால்தான் சிக்கல். ‘அச்சிட்ட புத்தகங்கள்’ என்று ஆங்கிலத்தில் தெளிவாக, 4901 என்ற குறியீட்டோடு எழுதச் சொல்லுங்கள். டைரிக்கு இந்தச் சலுகை கிடையாது.

காசு கொடுத்து வாங்கியதை ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லாதீர்கள். 39 பவுண்டு வரையான வரிவிலக்கு, ஒருவர் இன்னொருவருக்குத் தாமே அனுப்பும் உண்மையான அன்பளிப்புக்கு மட்டுமே. பொய்யாக எழுதினால் சுங்கத்துறை பொருளைப் பறிமுதல் செய்யலாம்.

கட்டணம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடவே வேண்டாம். மோசடிக்காரர்கள் விரும்பும் வழி இது. பார்சல் நிறுவனத்தின் தளத்தை நீங்களே திறந்து, அவர்கள் வீட்டில் விட்டுச்சென்ற அறிவிப்பு அட்டையில் உள்ள எண்ணை இட்டுப் பாருங்கள்.

வரி தவறாக விழுந்தாலோ பொருளைத் திருப்பி அனுப்பினாலோ, ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழி வந்தவற்றுக்கு பிஓஆர் 286, கூரியர் வழி வந்தவற்றுக்கு சி285 படிவத்தில் வரியைத் திரும்பக் கேட்கலாம். பில்லையும் வரிச்சீட்டு ஒட்டிய பார்சல் உறையையும் அதுவரை குப்பையில் போடாதீர்கள்.